ஒரே நேரத்தில் ஆயிரம் பேர்

நைரோபியில் முசெம்பி சாதாரண ஆளில்லை, தலைமை மென்பொருள் வடிவமைப்பாளர். ஆயிரம் ‘ஆக்டர்’கள், அதாவது ஆயிரம் குட்டி நிரல்கள், ஒரே நேரத்தில் இருக்கைகளைப் பதிவு செய்யும் என்று பேருந்து முதலாளி பராசாவிடம் அளந்திருந்தார். டெமோ சொதப்பினால் ஒப்பந்தம் போய்விடும்.

“பாஸ், நம்ம டேட்டாபேஸ் கருவி ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் உள்ள விடும். ஆயிரம் பேரும் பாஞ்சா கவுந்துடும்” என்றாள் அவரிடம் நிரல் எழுதும் செபெட்.

“ஒத்தை ஆள் போதும்னா நான் எதுக்கும்மா? போய் டெமோவுக்கு வர்றவங்களுக்கு டீயும் மண்டாசி பலகாரமும் சொல்லு.”

மறுநாள் பராசாவின் ஆட்கள் ஐம்பது பேர் ஒரே நொடியில் கைபேசியைத் தட்டினார்கள். ஓர் இருக்கைகூட இரண்டு பேருக்குப் போகவில்லை.

“பாத்தீங்களா அய்யா, ஆயிரம் கை!” என்றார் முசெம்பி.

பராசா அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

“கவுந்துடும்னியே?” என்று செபெட்டைச் சீண்டினார் முசெம்பி.

“நேத்து ஒத்திகையில கவுந்துடுச்சு பாஸ். அதான் மாத்திட்டேன். இப்ப டேட்டாபேஸைத் தொடுறது ஒரே ஒரு ஆக்டர். மத்த தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பதும் அதுகிட்ட கோரிக்கைச் சீட்டைக் கொடுத்துட்டு வரிசையில நிக்குது.”

முசெம்பி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வரிசை கலையாம நிக்குதில்ல? அது என் வடிவமைப்பு.”