ஐந்து வரியும் ஒரு வரியும்

மாலை வெயில் கணினித் திரையில் சாய்ந்து விழுகிறது. மென்பொருளின் புதிய பதிப்பில் என்ன மாறியது என்று ஐந்து பிரிவுகளிலிருந்து வந்த குறிப்புகளை அவள் ஒன்றாகக் கோக்கிறாள். மூத்தவர் பின்னால் நின்று காலிக் கோப்பையைக் கைக்குள் உருட்டுகிறார். அவர் எழுதிய நிரலைத்தான், அதிலிருந்த பிழையோடு, ஐந்து பிரிவுகளும் எடுத்துக்கொண்டன. ஐந்து குறிப்பிலும் அதே வரி, ‘தவறான தேதி காட்டிய பிழை திருத்தப்பட்டது.’ “என் மானம் அஞ்சு தடவை கப்பலேறுதும்மா.” அவள் ஐந்தையும் அழித்து, எல்லாவற்றுக்கும் மேலே உள்ள பொதுப் பகுதியில் ஒரே வரியாக எழுதுகிறாள். “உச்சியிலயா வைக்கிறே?” “அந்தத் தேதிய நம்பி வேலை பாக்கறவங்க கண்ணுல படணும்ல சார். ஆனா ஒரு தப்புக்கு ஒரு தடவை போதும்.” அவர் கோப்பையைக் கீழே வைக்கிறார். “கொஞ்சம் நகரும்மா” என்று விசைப்பலகையை இழுத்து, ஏற்கெனவே தவறாகப் பதிவான தேதிகளைச் சரிசெய்யும் வழியை அந்த வரிக்கு அடியில் தானே எழுதத் தொடங்குகிறார்.