பதில் முகவரி

"கம்ப்யூட்டர் பாக்கறவர் நீங்கதானா?" என்று கதவருகே ஒரு குரல் கேட்டபோது அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா. யாரு உங்களை மேல விட்டது?"

"கீழே விசாரிச்சேன். இந்த ரூம்னு சொன்னாங்க."

வெள்ளைச் சீருடைக்கு மேல் ஒரு சால்வையைப் போர்த்தியிருந்த நர்ஸம்மா. எங்கோ ஒரு மூலையிலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். பஸ் மாறி மாறி வந்த களைப்பு முகத்தில் அப்பிக்கிடந்தது.

ரத்த வங்கியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. ரத்தம் கேட்டு ஆஸ்பத்திரிகள் அனுப்பும் கோரிக்கைகள் எல்லாம் அவனுடைய சர்வரைத் தாண்டித்தான் கீழ்த்தளத்துக்குப் போகும். அலுவலகத்தில் அவனுக்கு 'ஒரேதட்டு' என்று பட்டப்பெயர். மற்றவர்கள் மவுஸைப் பிடித்துக்கொண்டு அரை நாள் மல்லாடும் வேலையை நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஒரே தட்டில் முடித்துவிடுவான். அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

"நாங்க கேட்டு அனுப்பறது எல்லாம் அப்படியே திரும்பி வந்துடுதுங்க. திங்கக்கிழமையிலேர்ந்து இதே கதைதான். வாயால சொன்னா ரத்தம் குடுக்க முடியாது, கம்ப்யூட்டர்லதான் வரணும்னு கீழே சொல்லிட்டாங்க. இந்த ரூமுக்கும் போன் பண்ணேன். ஒருத்தர் எடுத்தாரு. எங்ககிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்கு, உங்க பக்கம் நல்லாப் பாருங்கன்னு வெச்சுட்டாரு."

எடுத்தவன் அவன்தான். நர்ஸம்மாவுக்குக் குரல் பிடிபடவில்லை.

போனை வைத்த கையோடு பக்கத்து சீட்டுக்காரனிடம், "இவங்களுக்கு ஒரு பட்டனைத் தட்டக்கூடத் தெரியலைப்பா" என்று சொன்னதும், இருவரும் சிரித்ததும் இப்போது ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை என்றதுமே அவனுக்கு விளங்கிவிட்டது. அன்று காலையில்தான் புதிய பாலிசியைச் சர்வரில் ஏற்றியிருந்தான். பதிலை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று ஒவ்வொரு கோரிக்கையும் சொல்லியாக வேண்டும்; சொல்லாததை வாசலிலேயே திருப்பிவிட வேண்டும். அதுதான் விதி. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும் என்றுதான் மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். சின்ன ஆஸ்பத்திரிகளில் இருப்பது பழைய புரோகிராம். அதற்கு முகவரி சொல்லத் தெரியாது. விதியை அவர்களுக்கு எப்படித் தளர்த்துவது என்று சர்வருக்குச் சொல்லும் பைண்டிங் ஒன்றைத் தனியாக எழுதிச் சேர்த்திருக்க வேண்டும்.

அதைப் போய் யார் எழுதிக்கொண்டிருப்பது என்று, எல்லோருக்கும் சேர்த்து அதே விதியை ஒரே கமாண்டில் கட்டிவிட்டான்.

தப்பு தன்னுடையது என்று இப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட்டுக்காரன்கூட வெளியே போயிருந்தான்.

"உங்களுது ரொம்பப் பழைய புரோகிராம்மா. அதான் இங்க ஏத்துக்க மாட்டேங்குது. இருங்க, என்னால ஆனதைப் பண்றேன்."

தன் வாயிலிருந்தா இது வந்தது என்று அவனுக்கே கூசியது. குனிந்து டைப் அடிக்க ஆரம்பித்தான்.

சின்ன ஆஸ்பத்திரிகளின் சேவையிலிருந்து அந்தப் பாலிசியைக் கழற்றினான். வேறொன்றை மாட்டினான். அதன் பைண்டிங்கில் முகவரி 'கட்டாயம்' என்றிருந்ததை 'இருந்தால் சரி' என்று மாற்றினான். சேமித்தான். சேவையை நிறுத்தி மறுபடி கிளப்பினான். ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. அவ்வளவுதான் வேலை.

"இப்ப அனுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

நர்ஸம்மா போனில் யாரிடமோ சொன்னார். காத்திருந்தார். திரையில் ஒரு வரி பச்சையாக வந்து விழுந்தது. போனின் அந்தப் பக்கம் ஒரு பெண், "போயிடுச்சுக்கா, பதிலும் வந்துடுச்சு" என்று சொன்னது அவனுக்கும் கேட்டது.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி," என்றார் நர்ஸம்மா. கண் கலங்கியிருந்தது.

அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் அவன் எழுந்தான். இன்னும் ஏதாவது செய்தால் தேவலை போலிருந்தது. "வாங்கம்மா, நானே கூட வந்து சொல்றேன். எந்த குரூப்னு சொல்லுங்க, கையோட வாங்கிட்டே போயிடலாம்."

"வேண்டாம் தம்பி. இப்ப யாருக்கும் தேவைப்படலை."

சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"தேவைப்பட்ட பொண்ணு முந்தாநேத்து போயிடுச்சு. குழந்தை நல்லா இருக்கு. அடுத்து வர்ற யாருக்கும் இப்படி ஆயிடக்கூடாதேன்னுதான் இன்னிக்கு லீவு போட்டுட்டு வந்தேன்."

அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அன்னிக்கு அனுப்பினது நான்தான் தம்பி. என் டூட்டி. உங்க ஆள் போன்ல சொன்னதுக்கப்புறம் ஒவ்வொண்ணா அழிச்சு அழிச்சு மறுபடி அடிச்சேன். எதைத் தப்பா அடிச்சேன்னு மட்டும் சொல்லுங்க. அது தெரியாம ராத்திரி கண்ணை மூட முடியலை."

திருப்பி அனுப்பப்பட்டவை எல்லாம் சர்வரில் இருந்தன. அவன் இதுவரை திறந்துகூடப் பார்க்காதவை. இப்போது திறந்தான்.

ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒன்றில் அந்தப் பெண்ணின் இனிஷியல் முன்னால் இருந்தது, ஒன்றில் பின்னால். ஒன்றில் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில். ஒன்றில் ரத்த வகைக்கு நடுவே ஒரு இடைவெளி, அடுத்ததில் அது இல்லை. கடைசியாக வந்ததில், மருத்துவரின் குறிப்புக்கான இடத்தில், 'தயவுசெய்து' என்று ஒற்றை வார்த்தை.

"நீங்க எதையும் தப்பா அடிக்கலைம்மா," என்றான்.

நர்ஸம்மா தலையாட்டிவிட்டு, மீதியையும் சொல்வான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.