நாளைக்குள் ஒரு கூவல்

ஒலிப்பதிவாளர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, மூன்றாவது நாளாகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். நாணல் பறவை ஒரே ஒரு தடவை கூவினால் போதும்.

நாளைக்கு விசாரணை. பறவை இங்கே உயிரோடு இருப்பதற்குச் சான்று காட்டாவிட்டால், இந்தச் சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டிக் கட்டடம் எழுப்ப அனுமதி கொடுத்துவிடுவார்கள்.

அந்தப் பறவையைக் கதாநாயகியாக வைத்து ஆறு வருடத்துக்கு முன் ஓர் அனிமேஷன் படம் வந்து சக்கைப்போடு போட்டது. அதன் குரல், இவர் இதே சேற்றில் நின்று பிடித்ததுதான். அதன் வீட்டை மூடாதீர்கள் என்று பிள்ளைகள் மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். படத்தில் இருக்கிறது சரி, நிலத்தில் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்கள் அதிகாரிகள். நியாயமான கேள்விதான்.

இரண்டு நாளாகப் பார்வையாளர்களுக்கு விடுமுறை, ஈ காக்கை இல்லை. அப்படியும் பறவை வாயைத் திறக்கவில்லை. சதுப்பு நிலத்துக் காவலாளிதான் வேளாவேளைக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார். தன் மகள் அந்தப் படத்தை நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள் என்று சொல்லி, தைரியமும் கொடுத்தார்.

இன்று காலை ஒன்பது மணிக்கு ஒரு பள்ளிக்கூட பஸ் வந்து நின்றது. இறங்கிய வாண்டுகள் போட்ட கூச்சலில் கொக்குகள்கூடப் பறந்துவிட்டன. காவலாளி குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் தன் அறைக்கு ஓடினார். ஒலிப்பதிவாளருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி எந்தப் பறவை வரப்போகிறது?

அப்போதுதான் நாணலுக்குள்ளிருந்து கேட்டது. தெளிவாக, அடுத்தடுத்து மூன்று கூவல். பிள்ளைகள் கப்சிப்பென்று நின்றார்கள்.

வழக்கை நடத்தும் வக்கீலம்மாவுக்கு போன் போட்டார்.

"கெடச்சிருச்சும்மா. உசுரோட இருக்கு."

பதிவை அங்கிருந்தே அனுப்பியும் விட்டார். கரையேறி, சேற்றுக் கையோடு காவலாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

"கேட்டீங்களா? நீங்களும் கேட்டீங்கதானே?"

காவலாளி நெளிந்தார்.

"ஸ்பீக்கர்ல சத்தம் அதிகமா வச்சுட்டேனா சார்? வர்ற புள்ளைங்க ஏமாந்து போகக் கூடாதேன்னு போடுறது. உங்க படத்துலேர்ந்து எடுத்ததுதான்."