பதினோராவது பொருத்தம்

நர்மதா கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தபோது, அப்பா குப்பண்ணன் கதவோரம் நின்று படிக்காத பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தார்.

வண்டித்தாவளத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மாப்பிள்ளை பெயர் பிரதீப். தென்னை நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம். கொல்லங்கோட்டு ஜோசியருக்கு அது தாராளம்.

நர்மதாவுக்குப் போதாது. அவள் தனியாக ஒரு பொருத்தம் பார்ப்பாள்.

பெங்களூரில் ஒரு கம்பெனி தபாலில் டிவிடி அனுப்புகிறது. வேண்டிய படங்களை இணையத்தில் பட்டியல் போட்டு வைத்தால் போதும். பார்த்ததைத் திருப்பி அனுப்பியதும் பட்டியலில் முதலில் நிற்கும் படம் கிளம்பி வரும். பெண் கேட்டு வருகிறவருக்குப் பட்டியலைக் காலி செய்து, பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுவாள். பிடித்த பத்துப் படங்களை அவர் போட வேண்டும். அவள் ஏற்கெனவே பார்த்த படங்கள் எதுவும் அதில் தெரியாது.

முதலில் வந்தவர் பத்தும் அடிதடியாகப் போட்டார். அடுத்தவர் பத்தும் பக்திப் படம். அந்தப் பக்தியை அவள் நம்பவில்லை.

இரண்டு சம்பந்தமும் போன வருத்தத்தில் அப்பா ஒரு வாரம் எந்தக் குழம்பிலும் உப்பில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மூன்றாவது.

முதல் படம், மழையில் நின்றுபோன பஸ்ஸுக்குள் ஆட்கள் பேசிக்கொண்டே இருக்கும் படம். அவளுக்கு அது உயிர்.

இரண்டாவது, புருஷனும் பெண்டாட்டியும் கடைசிவரை சேராத படம். மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் அழுதிருக்கிறாள்.

மூன்றாவதும் அவளுக்குப் பிடித்தது. நான்காவதும். எட்டாவதற்கு வந்தபோது லேசாகப் பயமாகிவிட்டது. இப்படி ஒரு மனிதர் அரைமணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்?

ஒன்பதாவது, போஜ்புரிப் படம்.

நர்மதா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

போன ஆடியில் கம்பெனிக்காரர்கள் தப்பாக அனுப்பிய படம் அது. அவள் அதை பிளேயரில் போடவே இல்லை. மாற்றித் தரச் சொல்லி மெயிலில் சண்டை பிடித்ததில், மூன்று வாரம் டிவி மேலேயே கிடந்தது.

அப்படி ஒரு படம் இந்த வீட்டுக்கு வந்தது அவளுக்குத் தெரியும். திருப்பி அனுப்புவதற்குத் தபாலாபீசுக்கு எடுத்துப் போனவருக்குத் தெரியும். பிரதீப்புக்குத் தெரிய வழியே இல்லை.

திரும்பிப் பார்த்தாள். பேப்பர் அப்பாவின் முகத்துக்கு மேலே ஏறியிருந்தது.

"ஏனுங்ப்பா, இந்தப் போஜ்புரிப் படம் எனக்குப் புடிக்கும்னு உங்களுக்கு ஆரு சொன்னது?"

பேப்பர் மெதுவாக இறங்கியது.

"ஒரு வாரத்துக்கு மேல நீ திருப்பிக் குடுக்காம வெச்சிருந்த படத்தையெல்லாம் குறிச்சு வெச்சிருந்தேன் அம்மிணி. அது மூணு வாரம் இருந்துச்சே! ரொம்பப் புடிச்சுப்போச்சாட்டம்னு நெனச்சேன்."

மூன்று வருடமாக அவள் உறையை நீட்டினால் வாங்கி சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போவார். உள்ளே என்ன என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆனால் மேலே ஒட்டியிருந்த படத்தின் பெயரை ஒவ்வொரு தடவையும் படித்திருக்கிறார். எது எத்தனை நாள் வீட்டில் இருந்தது என்று குறித்தும் வைத்திருக்கிறார்.

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

பிரதீப் மேல் அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. வெறும் கோபம்தான். அப்பா கொடுத்ததை அப்படியே போட்டிருக்கிறார். பக்கத்து பெஞ்சைப் பார்த்து, தப்பையும் சேர்த்து எழுதுகிற ரகம். பன்னிரண்டு மணி வரைக்கும் எதற்கு, இப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

அப்போதுதான் பத்தாவது படம் கண்ணில் பட்டது.

தொலைந்துபோன ஆமைக்குட்டி ஒன்று தன் வீட்டைத் தேடி நடக்கும் கார்ட்டூன். ஐந்து வயதுப் பிள்ளைகள் பார்க்கிற படம். இது இந்த வீட்டுக்கு வந்ததே இல்லை.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பத்தும் நாந்தான் எழுதிக் குடுத்தேன். அதுல அந்த டீச்சரம்மா படத்தைக் காணோமே! அதைத் தூக்கிப்போட்டு இந்த ஆமைய அவனா சேத்திருக்கறான் பாரு. காரியத்தையே கெடுத்துப்போட்டானே!"

நர்மதா ஆமைக்குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண்ணைப் பெற்றவரே வலிய வந்து விடைத்தாளைக் கையில் கொடுத்திருக்கிறார். அப்படியே எழுதியிருந்தால் கல்யாணம் உறுதி. அதில் ஒன்றை எடுத்துவிட்டு, முப்பது வயது ஆண்பிள்ளை, பெண் வீடே கூடிச் சிரித்தாலும் சரி என்று இதைப் போட்டிருக்கிறார். இந்தப் பட்டியலில் அவர் சொன்ன உண்மை இது ஒன்றுதான்.

அவள் மௌஸைப் பிடித்தாள். பஸ் படத்தை நீக்கினாள். சேராத புருஷன் பெண்டாட்டியை நீக்கினாள். ஒவ்வொன்றாகப் போகப் போக அப்பா "சிவசிவா" என்று சுவரில் சாய்ந்துவிட்டார்.

ஒன்பதும் போனபின் ஆமைக்குட்டி தானாகவே முதல் இடத்துக்கு ஏறியது.

"வெள்ளிக்கிழமை படம் வந்துருமுங்ப்பா," என்றாள். "அன்னைக்கே அவங்களையும் வரச் சொல்லிப்போடுங்க."