இந்த ஒரு மீன்

மங்கையர்க்கரசி நான்கு வருடம் உழைத்து ஒரு வீடியோ கேமுக்குக் கதை எழுதினாள். அதில் மகளைப் பறிகொடுத்த அரசி ஒருத்தி கோட்டைக்குள் தனியாக இருந்தாள். தங்கள் குழந்தை போனபின் கணவர் தேவராஜனிடம் சொல்ல முடியாததையெல்லாம் மங்கை அந்த அரசியின் வாயால் சொல்லியிருந்தாள்.

ஒரு வருடமாக யாரும் நுழையாத இடங்களை அந்த கேம் தானாகவே அழித்துவிடும். ஆட வந்தவர்கள் எல்லாரும் கோட்டைக்கு வெளியே குளத்தில் மீன்தான் பிடித்தார்கள். தேவராஜனும் அதைத்தான் செய்தார்.

"இன்னிக்காவது உள்ள போய் அவ பேசறதைக் கேளுங்க. இன்னியோட கெடு முடியுது, நாளைக்கு அவ இருக்க மாட்டா."

"இந்த ஒரு மீனைப் பிடிச்சிட்டுப் போறேன்."

"எத்தனை மாசமா இதையே சொல்றீங்க!" என்று கத்திவிட்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலையில் அவர் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

"மங்கை, வந்து பாரேன்! கோட்டை இருந்த இடத்துல இன்னொரு குளம் வந்திருக்கு!"