வயலின் எந்தப் பக்கம்

“அக்கா, கண்ண மூடிக்கோங்க. வயலின் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றான் கடைக்காரன் சந்தானம்.

எஸ்.பி. ரோட்டில் அவன் கடை ஓர் ஆட்டோ நிற்கிற அளவுதான். அதிலும் இரண்டு ஸ்பீக்கர்களை மூலைக்கு ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தான். ஆம்ப்ளிஃபையர் வாங்க வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து கேட்டுப் பார்த்துதான் வாங்குவார்கள்.

ருக்மிணி கூச்சத்தோடு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

எத்திராஜ் மனைவிக்குப் பக்கத்திலேயே நின்றான். கேசட் டெக்கும் ஸ்பீக்கர்களும் ஸ்ரீராம்புரம் வீட்டுக்கு ஏற்கெனவே வந்துவிட்டன. அவற்றுக்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபையர்தான் பாக்கி. அதை அவள்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்று வம்படியாக அழைத்து வந்திருந்தான்.

வம்புக்குக் காரணம் இருந்தது. அவள் சமைக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்த ரேடியோவை, நான்கு வருடத்துக்கு முன்னால் குடிவெறியில் அவன்தான் சுவரில் அடித்து உடைத்தான்.

மறுநாளோடு குடியை விட்டான். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தமில்லாத அந்தச் சமையலறைதான் அவனைத் தினமும் அறுத்தது. பெரிய செட்டாக வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாவம் கழிந்துவிடும் என்று நம்பினான்.

ருக்மிணி வலது கையை நீட்டினாள்.

வயலின் இடது ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருந்தது.

சந்தானம் குனிந்து ஒயர்களைப் பார்த்தான். சரியாகத்தான் இருந்தன. இந்த ஆம்ப்ளிஃபையரில் தெளிவு போதவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து விலை கூடியதை இறக்கி மாட்டினான்.

மறுபடியும் வலது கை.

கடைசியில் அவன் ஒரு குமிழைத் திருகி வலது ஸ்பீக்கரை அடியோடு அடக்கினான். இப்போது இடதுபக்கத்தில் மட்டும்தான் பாட்டு.

ருக்மிணி சந்தேகமே இல்லாமல் வலது பக்கம் காட்டினாள். பரீட்சையில் தேறியவள்போலச் சிரித்துக்கொண்டே கண்ணைத் திறந்தாள்.

சந்தானம் தயங்கினான். “அக்கா, உங்க இடது காது...”

சிரிப்பு நின்றது. “அது சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தாம்பா” என்றாள் அவசரமாக.

எத்திராஜ் அவளுடைய இடது காதைப் பார்த்தான்.

கல்யாணமான புதிதில் அந்த இடது காதில்தான் அவன் ரகசியம் பேசுவான். கூசுகிறது என்று நெளிந்துகொண்டே அவள் பதில் சொல்வாள். ரேடியோ உடைந்த பிறகு ஒருநாள், ஃபேன் காற்று ஆகவில்லை என்று சொல்லிப் படுக்கையில் இடம் மாறிக்கொண்டாள். கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று அவன் நினைத்திருந்தான்.

ரேடியோவை உடைக்க விடாமல் அன்று அவள் குறுக்கே வந்து நின்றாள். அவன் கையை ஓங்கி அவள் இடது கன்னத்தில் ஓர் அறை விட்டான். அதற்கப்புறம்தான் ரேடியோவை எடுத்தான்.

“எதைக் கட்டட்டும்ணா?” என்றான் சந்தானம்.

எத்திராஜ் ஸ்டூலைச் சுற்றிக்கொண்டு போய், அவளுக்குக் கேட்கிற பக்கத்தில் நின்றான்.