வாங்க மறுத்த பை

“ஐயோ, பை போச்சு! அது இல்லாம நான் வீட்டுக்கே போக முடியாது!”

ஜாம்பேசி ஆற்றில் கவிழ்ந்த ரப்பர் படகைப் பிடித்துக்கொண்டு கசோண்டே அலறினான். தண்ணீர் புகாத மஞ்சள் பை நுரைத்த நீரில் மிதந்து போனது.

சக படகோட்டி முவிலா பாய்ந்து நீந்தி அதை மடக்கிப் பிடித்தாள். இருவருமாகப் படகை நிமிர்த்தி ஏறியதும் பையை நீட்டினாள்.

“இந்தா, பிடி.”

கசோண்டே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“மாட்டேன்.”

“உசுரைக் கொடுத்து எடுத்துட்டு வந்தா திமிரா? உள்ள என்னடா, பாம்பா?”

“மூடி போட்ட தட்டு. சாயங்காலம் எங்க மாமா உங்க வீட்டுக்கு எடுத்துட்டு வரப்போறார்.”

முவிலாவின் கண்கள் விரிந்தன. “பொண்ணு கேட்டா?”

“ஆமா. பிடிச்சிருந்தா பொண்ணு வீட்டுல தட்டை வச்சுக்குவாங்க. வேண்டாம்னாதானே திருப்பித் தருவாங்க! நீயே இப்படி நீட்டினா நான் எப்படி வாங்குறது?”

முவிலா பையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“உங்க மாமாவை வெறுங்கையோட வரச் சொல்லு.”